பொங்கல் பானைக்குக் கீழே இரண்டு கால்கள்

குரோருட், ஒஸ்லோ
15.02.2026, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தர்மினிக்கு,

அம்மாவும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். உன்னுடைய சுகத்தை, அந்த இடது குதிநரம்பின் சுகத்தையும் சேர்த்து, பிள்ளையாரிடம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வட்ஸ்அப் இருக்க அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் "ஓம் அம்மா, சரி அம்மா" என்று நீ நடுவிலேயே முடித்து வைத்துவிடுவாய். தாளில் அது நடக்காது, நான் முடிக்கும்வரை நீ வாசிக்கத்தான் வேண்டும். இன்றைக்குச் சிவராத்திரி. விடிய விடிய முழித்திருக்கப் போகிறேன் என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறார், இப்போது பின்னேரம் நாலு மணி, சோபாவில் குறட்டை கேட்கிறது. எழுதுவதற்கு நல்ல நேரம்.

வியாழக்கிழமை உன் செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி நடையில் துடைப்பு வண்டியோடு நின்றேன். "அம்மா, விட்டிட்டினம். இருபத்தெட்டாம் திகதி ஓடலாம்" என்று எழுதியிருந்தாய். நோயாளிகளுக்குப் போட்டிருந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்தில் டிவியில் பனிச்சறுக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது காலமாகிவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, என் மகளை ஓட விட்டுவிட்டார்கள் என்றேன். ஒலிம்பிக்கைச் சொல்கிறேன் என்று நினைத்து எந்தப் போட்டி என்று கேட்டார், எண்ணூறு மீற்றர் என்றேன், அது பனியில் இல்லையே என்று குழம்பிப் போனார். நான் அழுதேன் மகள், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் தரை துடைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன், அப்பா எனக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார்.

நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டாய். பாதியை அப்பா சொன்னார், மீதியை நான் மறைத்தேன். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். போன ஆவணியில் தமிழ் விளையாட்டு விழாவில் உன்னைப் பாராட்ட வேண்டும் என்று கேட்டார்கள். நீ பல்கலைக்கழக அணியின் பயிற்சிக்கென்று அதற்கு முதலே அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டாய். உனக்குப் பதிலாக நான் மேடையில் ஏறினேன். ட்வெய்ட்டாவில் கடை வைத்திருக்கும் பரமநாதன் மாமா எனக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஓர் உறையைத் தந்தார். மேடையில் நின்றுகொண்டு இது எதற்கு அண்ணை என்று நம்மில் யார் கேட்பார்கள்? கைதட்டினார்கள், கும்பிட்டேன், இறங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பத்தாயிரத்தொரு குரோன். அந்த ஒரு குரோன் நாணயக் குத்தியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, பத்தாயிரத்தை உன்னுடைய நத்தார் விமான ரிக்கற்றுக்குப் போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. அம்மா மேலதிக வேலை செய்து எடுத்த ரிக்கற் என்று நினைத்து விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்தாய், நானும் பேசாமல் நின்றேன்.

ஐப்பசியில் பரமநாதன் மாமா போன் எடுத்து, "தங்கச்சி, பிள்ளையின்ர நல்ல படம் ஒண்டு அனுப்புங்கோ, இந்த முறைக் கலண்டரில போடுவம்" என்றார். இதைக் கவனமாக வாசி. அந்த உறையை வாங்கியிருக்காவிட்டால் மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பேன். வாங்கியவளுக்கு அந்த வாய் வரவில்லை. அவர் போனை வைப்பதற்குள் படத்தை அனுப்பிவிட்டேன், அதுவும் பல்கலைக்கழகச் சட்டையோடு, முன்னால் சின்னமும் நெஞ்சில் இலக்கமும் தெரிய நீ வளைவில் திரும்பும் அந்தப் படம். அது போதாதென்று, கோடையில் நீ வந்து அவருடைய இரண்டாவது கடையைத் திறந்து வைப்பாய், அடுத்த விழாவில் கடையின் சட்டையைப் போட்டு ஓடுவாய் என்பதற்கும் ஓம் சொல்லிவிட்டேன். இதை நான் உனக்கு இன்றுவரை சொல்லவில்லை. இப்போது வாசித்துக் கோபித்துக்கொள், நியாயமான கோபம். அந்த இரண்டுக்கும் இல்லை என்று போன கிழமை சொல்லிவிட்டேன்.

கலண்டரைப் புதுவருடத்தன்று உன் முன்னால் விரித்து மாட்டி உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சுருட்டி வைத்திருந்தேன். நீ அதற்கு இரண்டு நாள் முந்திப் புறப்பட வேண்டியதாயிற்று. ஆகவே மிளகாய்த்தூளுக்கும் உன் காலுறைகளுக்கும் நடுவில் அதை வைத்துப் பெட்டியை மூடினேன். எந்தத் தாய்தான் பிள்ளையைக் கலண்டர் இல்லாமல் அனுப்புவாள், அங்கே இராகுகாலம் பார்க்க ஆள் உண்டா? மிச்சம் உனக்குத் தெரியும். உன் அறைத் தோழி அதைச் சுவரில் மாட்டி, அழகாக இருக்கிறதென்று படம் பிடித்து இன்ஸ்டகிராமில் போட, பரமநாதன் மாமாவின் கடைப் பெயர், போன் இலக்கம், அரிசி மலிவு விலை எல்லாவற்றோடும் அது உங்கள் பல்கலைக்கழக விளையாட்டு விதிமுறை அலுவலர் எமிலியாவின் கண்ணில் பட்டது. விசாரித்து முடியும்வரை உன்னை ஓட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு நீ போனில் கேட்டதை நான் மறக்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லுறனீங்கள், உங்களுக்கு நீங்களே சொல்லேல்லையோ?" என்றாய். இருபது வருடமாக நான் தொழிற்சங்கப் பிரதிநிதி. துப்புரவு வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதல் நாளே சொல்வது, உறையில் காசு தந்தால் வாங்காதே, சம்பளச் சீட்டோடு தந்தால் வாங்கு என்பதுதான். அந்த நானே மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு உறை வாங்கியிருக்கிறேன். நீ கேட்டது சரி. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஒரு சொல், இரண்டு சொல் என்று செய்தி அனுப்பினாயே, அதுவும் சரிதான். ஆனால் மகள், அந்தப் பன்னிரண்டு நாள் மாதிரி இன்னொன்றை எனக்குத் தராதே.

எதிர்வீட்டு வினோஜா அக்காவை உனக்குத் தெரியும், சட்டம் படிக்கிறாள். அவள்தான் நம் குசினி மேசையில் வந்திருந்து எனக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். முந்தி அங்கே விளையாடும் மாணவருக்குப் படிப்பும் சாப்பாடும் அறையும் மட்டும்தானாம். வழக்குப் போட்டு, வழக்கு முடிந்து, போன கோடையிலிருந்து பல்கலைக்கழகமே வருமானத்தில் பங்கு கொடுக்கலாமாம். வெளியார் கொடுப்பதையும் வாங்கலாம், அறுநூறு டொலரைத் தாண்டினால் பதிந்து அனுமதி கேட்க வேண்டும். நமது உறை அதைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் நீ மாணவர் விசாவில் நிற்பவள், வெளியே வேலை செய்து உழைத்ததாக எடுத்துக்கொண்டால் ஓட்டம் மட்டுமல்ல, படிப்பே போய்விடலாம் என்றாள். அதைக் கேட்டபோது கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

அப்பாவுக்கு இதில் வேறு கருத்து. "விளையாட்டுக்குள்ள காசு வந்தா விளையாட்டுப் போச்சு. இஞ்சை பார், எல்லாம் டுக்னாட்டிலதானே நடக்குது" என்கிறார். கூலியில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் அந்த டுக்னாட்டைப் பற்றி அவர் கதைப்பதுதான் எனக்குச் சிரிப்பு. உன் சின்ன வயது ஓட்டக் கழகத்துக்காக இந்தக் கட்டடத்தின் அறுபத்துநாலு கதவையும் தட்டிக் கழிப்பறைத் தாள் மூட்டை விற்றுக் காசு சேர்த்தவள் நான். மழைக்குள் நின்று வாஃபல் சுட்டவள் நான். அவர், தான் ஓட்டும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து வாஃபல் சாப்பிட்டவர். நான் அவருக்குச் சொன்னேன், டுக்னாட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை, பயிற்றுநருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை, அதனால்தான் அது இனிக்கிறது. அங்கே பயிற்றுநருக்குச் சம்பளம், ரிக்கற் விற்பவருக்குச் சம்பளம், டிவிக்காரருக்கு இலாபம், ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் டுக்னாட் என்றால் அதை எங்கள் சங்கத்தில் வேறு பெயர் சொல்லி அழைப்போம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அதுவும் ஞாயம்தான்" என்றார். முப்பது வருடத்தில் மூன்றாவது முறை.

ஆகவே கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எனக்குக் கேள்வி. நீ சொன்னாயே, அமெரிக்கக் கால்பந்துப் பொடியன்களுக்கே பெரும்பங்கு போகிறது, ஓடும் பெண்களுக்கு வந்து சேர்வது மேசையில் சிந்தியதுதான் என்று. யாருக்கு எவ்வளவு, என்ன கணக்கில் என்பது எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் அவளுடைய ஆள் ஒருவர் இருக்க வேண்டும், சங்கம் இல்லாமல் அது நடக்காது. குதிநரம்பு அறுந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று முதலாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பதினேழாம் பக்கத்தில் அல்ல. வெளியார் தரும் காசு எல்லாம் வெளிச்சத்தில் பதியப்பட வேண்டும், அதை முன்பென்றால் பிடிவாதக்கார விதி என்று சொல்லியிருப்பேன், இப்போது சொல்லமாட்டேன். பரமநாதன் மாமா நல்ல மனிதர், அவருடைய பத்தாயிரத்துக்கே என் வாய் இவ்வளவு கட்டுப்பட்டதென்றால், பெரிய பணக்காரன் ஒருவன் பத்து லட்சத்தோடு வந்தால் அந்த ஓட்டக்காரி யாருடைய ஆளாகிவிடுவாள் என்று யோசித்துப் பார்.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் அஞ்சலோட்டப் பிள்ளைகள் நாலு பேரையும் சப்பாத்துக் கடைக்காரர் படத்துக்குக் கேட்டாராம், மற்ற மூன்று பேரும் நின்று எழுநூறு எழுநூறு டொலர் வாங்கினார்களாம், விசாவால் நீ மட்டும் விலகி நின்று அவர்களின் பைகளைப் பிடித்துக்கொண்டாயாம். கோலைக் கையில் வாங்கி ஓடும்போது நீ வெளிநாட்டுப் பிள்ளை என்று யாரும் அந்த நானூறு மீற்றரைக் குறைத்துத் தரவில்லையே. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதற்காகத்தான் நான் இந்த ஊரில் இத்தனை கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தினேன். விதி எழுதுகிறவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பந்தியாவது தெளிவாக எழுதட்டும், இல்லை என்றால் இல்லை என்று எழுதட்டும், பயத்தில் வைத்திருக்க வேண்டாம். நீயாக ஒன்றும் துணிந்து செய்துவிடாதே. அதேநேரம் வாயையும் மூடிக்கொண்டிருக்காதே, கூட்டம் வைத்தால் போ, கேள்.

இனிச் சிரிக்கிற கதைக்கு வருகிறேன். உன் படத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று எமிலியா எழுதியதை நான் பரமநாதன் மாமாவின் கடைக்குக் கொண்டுபோனேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது. "நான் பிள்ளைக்கு அன்பளிப்புத் தந்தனான் தங்கச்சி, கூலி தரேல்லை" என்றார். அப்ப ஏன் அண்ணை படம் கேட்டனீங்கள் என்றேன். பெட்டியிலிருந்த முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நேராக அடுக்கினார். பிறகு உள்ளே போய், இந்தப் பொங்கலுக்கு அரிசிப் பைகளில் ஒட்டவென்று அடித்து மிஞ்சிய பொங்கல் பானை ஒட்டுப்படக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முந்நூறு கலண்டர் போயிட்டுது, திருப்பி வாங்கேலாது. ஒட்டுவம்" என்றார். அவருடைய வான் வண்டியில் அவரும் அப்பாவும் நானும் மூன்று சனி ஞாயிறு வீடு வீடாகப் போய் ஒட்டினோம். பனிக்குள் படியேறி, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி, குடித்து, ஒட்டி, திரும்பச் சப்பாத்தைப் போட்டு அடுத்த வீடு. அப்பாவின் வாழ்க்கையில் முதலாவது டுக்னாட். தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சிறிதேவி ரீச்சர் மட்டும் பிள்ளையின் முகத்தில் பானை ஒட்ட விடமாட்டேன் என்று நின்றார், கடைசியில் கலண்டரையே கழற்றிச் சுருட்டிக் கையில் தந்தார், ஆணியையும் பிடுங்கிவிட்டார்.

பானை கொஞ்சம் சின்னன். முகம், சின்னம், இலக்கம் எல்லாம் மூடிவிட்டது, கீழே உன் கால்கள் இரண்டும் வெளியே நிற்கின்றன. இப்போது இந்தக் குரோருட் பள்ளத்தாக்கில் தமிழர் வீட்டுக் குசினிகளில் எல்லாம் பால் பொங்கி வழிய ஒரு பானை ஓடிக்கொண்டிருக்கிறது. கால் தெரியலாமா என்று வினோஜாவைக் கொண்டு எமிலியாவிடம் கேட்டு எழுதினேன், நான் இனி ஒன்றையும் கேட்காமல் விடுவதாயில்லை. முகமும் சின்னமும் இலக்கமும் தெரியாதவரை கால்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று மறுநாளே பதில் வந்தது. அதை வாசித்து வினோஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. அந்த எமிலியா மோசமான ஆளில்லை மகள், தன் வேலையைச் செய்கிறாள். நானும் அவள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் மூக்கை நுழைத்திருப்பேன்.

எமிலியாவுக்கு நான் ஒப்பமிட்டு அனுப்பிய படிவத்தை நீ பார்த்தாயோ தெரியாது. யார் தந்தது, எவ்வளவு, எந்தத் திகதி, மகளுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டிருந்தது. தெரியாது என்று வினோஜாவைக் கொண்டு எழுதுவிக்கும்போது, நான் உனக்கு மறைத்ததே உன்னைக் காப்பாற்றப் போகிறது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. கடைசிக் கேள்வி, இந்தக் காசுக்குப் பதிலாக நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பது. ஒன்றுமில்லை என்று எழுதுவித்தேன். வினோஜா அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தாள். நான் விடவில்லை, அதை வெட்டிவிட்டு, என் மகளின் படத்தை, அவளைக் கேட்காமல், என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள், நான் கையெழுத்து வைத்தேன். போனில் உன்னிடம் நான் எத்தனை சாட்டுச் சொன்னேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இந்தத் தாளில் கேட்கிறேன். உன் உடம்பு, உன் ஓட்டம், உன் முகம், அதற்கு விலை பேசவும் இலவசமாகக் கொடுக்கவும் உனக்குத்தான் உரிமை, எனக்கில்லை. நான் பெற்றவள்தான், ஆனாலும் இல்லை.

பத்தாயிரத்தை என் சேமிப்பிலிருந்து வங்கி மூலமாகப் பரமநாதன் மாமாவுக்கு அனுப்பி, பற்றுச்சீட்டும் எமிலியாவுக்குப் போய்விட்டது. அந்த ரிக்கற் இப்போது உண்மையிலேயே அம்மா எடுத்த ரிக்கற், நீ கட்டிப்பிடித்தது வீண்போகவில்லை. இனி நன்றாகச் சாப்பிடு, குளிர் மண்டபத்தில் ஓடுமுன் குதிநரம்பைச் சூடாக்கு, இருபத்தெட்டாம் திகதி ஓட்டம் எந்த இணையத்தில் வரும் என்று அப்பாவுக்கு முதல்நாளே அனுப்பு, இல்லாவிட்டால் என் உயிரை எடுப்பார். முதலாவதாக வர வேண்டும் என்று நான் நேர்த்தி வைக்கவில்லை. ஓட விட்டார்களே, அது போதும். நீ நீண்ட ஆயுளோடும் நோயற்ற கால்களோடும் பயமில்லாத மனதோடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை ஞாபகமாகச் சொல்ல வேண்டும். பத்தாயிரத்தை வங்கியில் அனுப்பிவிட்டு, அந்த ஒரு குரோனை மட்டும் கடையில் நேரே கொடுக்கப் போனேன், பரமநாதன் மாமா வாங்கவில்லை. "ஒண்டைத் திருப்பி வாங்கக்கூடாது தங்கச்சி, அது பிள்ளைக்கு" என்று என் கையை மூடிவிட்டார். நடுவில் ஓட்டையுள்ள அந்தக் குத்தி இப்போது சாமித்தட்டில், திருநீற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எமிலியாவுக்கு இன்னும் எழுதவில்லை, அது உன்னுடையதல்லவா. வைத்திருக்கவா, திருப்பிக் கொடுக்கவா? நீ சொல்லும்வரை நான் அதைத் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
இனிமேல் உன்னைக் கேட்டுச் செய்யும் அம்மா,
யோ. சத்தியபாமா